குடிலில் காணாமல் போன ஆடுகள்

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் வீட்டுக் கழிப்பறையைப் படம் எடுக்க வேண்டுமாம். கழிப்பறை மட்டும் இருந்தால் போதாது, வீட்டுக்காரரும் அதன் வாசலில் நிற்க வேண்டும், அப்போதுதான் மேலிடத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"கொஞ்சம் சிரிங்கய்யா. அழுவுற மாதிரி இருக்குது."

"கக்கூஸு முன்னாடி நின்னா வேற எப்பிடிம்மா இருக்கும்?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் முதல் படம் ஆடிப்போய்விட்டது. இரண்டாவது படம் சரியாக வந்தது. போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்கய்யா, பேசினு இவ்ளோ பழசா இருக்குது? மாத்தக் கூடாதா?" என்று கேட்டாள்.

இந்த வீட்டை இடித்துக் கட்டியபோதும் அந்தப் பேசினை மட்டும் உடையாமல் பெயர்த்தெடுத்துத் திரும்பவும் பதிக்கச் சொன்னேன். கொத்தனார் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுபது வயதைத் தாண்டியாயிற்று. இனியும் வைத்துக்கொண்டிருக்க மனமில்லை, சொல்லிவிடுகிறேன். அந்தப் பேசின் எங்கள் வீட்டுக்கு வந்த வருடத்துக் கிறிஸ்துமஸுக்கு, அது பெத்லகேமில் ஒரு ஏரியாக இருந்தது.

அப்பா விருத்தாசலத்தில் சர்க்கார் பீங்கான் கூடத்தில் சூளைப் பிரிவில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவர் பீங்கான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்போது, பவுடர் பூசிய மாப்பிள்ளைகள் கூட்டமாக வருவது போல இருக்கும். அந்தக் காலத்தில் சர்க்கார் எங்களுக்கு இரண்டை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்று, லாரிகளில் வந்திறங்கும் வெள்ளைக் களிமண். அது தொழில் துறை அனுப்பியது. மற்றது, குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் ஒரு நர்ஸம்மா. அவரைச் சுகாதாரத் துறை அனுப்பியது. மண் வந்ததில் ஊருக்குச் சோறு கிடைத்தது. நர்ஸம்மா வந்ததில் என்ன கிடைத்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

தெருவுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. எங்கள் அத்தனை பேருக்கும் அதுதான் கழிப்பறை. ஆண்களுக்கு நேரம் காலம் இல்லை. பெண்கள் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் கூட்டமாகப் போய் வருவார்கள். பகலில் வயிற்றைக் கலக்கினால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தோன்றவே தோன்றாத ஒரு கேள்வி. செருப்புப் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போகும் வழக்கம் யாருக்கும் கிடையாது. முந்திரி நிழலில் மணல் எப்போதும் லேசான ஈரத்தோடு குளிர்ச்சியாக இருக்கும், பாதத்துக்குச் சுகமாக இருக்கும். கொக்கிப்புழுவுக்கும் அதே மணல்தான் சுகம் என்று பிற்பாடு படித்தேன்.

அந்த வருடம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைக் கருவேப்பிலங்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தது. வரும்போதே முகமெல்லாம் வெளுத்திருந்தது. அம்மாவுக்கு அதில் பெருமை. "புள்ளத்தாச்சிக் களைய பாரேன், என்னா நெறமா வந்துருக்குறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மா வந்து அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். காலில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, நானும் ஒரு முறை அழுத்திப் பார்த்தேன்.

"இது களை இல்லம்மா. ஒடம்புல ரத்தமே இல்ல. வவுத்துல பூச்சி இருந்து குடிக்குது."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூட்டுச் சோத்துல பூச்சி எங்கேர்ந்துங்க வரும்?"

"சோத்துல வரல. பாதத்துல வருது. தோப்புல வெறுங்கால்ல நடக்குறீங்க இல்ல, அப்பிடியே தோல்ல ஏறி வவுத்துக்குப் போயிடும்."

அம்மா தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் தெரியவில்லை. நர்ஸம்மாவின் தலை மறைந்ததும், "கால்ல ஏறி வவுத்துக்குப் போவுதாம். பஸ்ஸு புடிச்சிப் போவும் போல" என்றாள்.

ஆனாலும் நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். பூச்சி மருந்து பிரசவத்துக்குப் பிறகுதான், அதுவரை மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது, தோப்புக்குப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தோப்புக்குப் போகாமல் எங்கே போவது? அதற்கும் சர்க்கார் ஒரு வழி வைத்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி மறைப்புக் கட்டிக்கொண்டால், பீங்கான் பேசின் இலவசம்.

அப்பா குழியை வெட்டினார். கீற்றுத் தட்டியும் கட்டினார். பேசினும் வந்து சேர்ந்தது. தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா சூளைக்காரர். எந்தப் பீங்கானைக் கையில் எடுத்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கீறல் இருந்தால் மொட்டென்று கேட்கும், நன்றாக வெந்திருந்தால் மணி போலக் கேட்கும். பேசினை முற்றத்தில் வைத்துத் தட்டினார். ணங்கென்று ஒலித்து அடங்க நேரமாயிற்று. அம்மாவைக் கூப்பிட்டார். "கேளு, கோயிலு மணியாட்டம் கேக்குது. ஒரு கீறல் இல்ல. இத எந்தக் கை வாத்துதோ!"

அம்மா அதன் உள்வளைவில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். "இதுலயா போயி..." என்று கையை இழுத்துக்கொண்டாள்.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு சிக்கலே இல்லை. எங்கள் தெருவில் பீங்கான் என்றால் வாய்க்குப் போகிற பொருள்களோடு சேர்ந்தது. டீ குடிக்கிற கப்பு, ஊறுகாய் ஜாடி, விருந்தாளிக்குச் சோறு போடுகிற தட்டு. அந்த வெள்ளையில்தான் ஊரே பிழைத்தது. அதைக் கொண்டுபோய்க் குழியின் மேல் வைத்து உட்காருவது யாருக்கும் மனம் ஒப்பாத காரியமாக இருந்தது. எதிர்வீட்டில் பேசின், கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாயிற்று. தெருக்கோடி வீட்டில் அதில் மல்லிகை வைத்தார்கள். இன்னொரு வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறவைத்ததாகப் பேச்சு. அந்த வீட்டார் இன்றுவரை அதை மறுத்துவருகிறார்கள்.

எங்கள் வீட்டில் அக்கா ஒருத்திதான் தினமும் கேட்டாள். "எப்பப்பா பதிக்கப் போற?" வீங்கிய காலோடு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கு நடப்பது அவளால் முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பதித்துவிடுகிறேன் என்று அப்பா சொன்னார்.

எனக்கு அந்தப் பேசின் வேறு மாதிரித் தெரிந்தது.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைக்கும் குடில் போட்டி நடக்கும். பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார். அதற்கு முந்தைய வருடம் எதிர்வீட்டுப் பையன் ஒரு கண்ணாடித் துண்டை மணலில் பதித்து அதைக் குளம் என்று சொல்லி முதல் பரிசு வாங்கியிருந்தான். உண்மையான தண்ணீர் நிற்கிற ஏரி ஒன்று என் குடிலில் இருந்துவிட்டால் அவன் கண்ணாடி என்னாகும்? பேசினின் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தேன். வாசல் அறையின் மூலையில் மணல் கொட்டி, விளிம்பு வரை அதில் புதைத்தேன். சுற்றிலும் கேழ்வரகு தெளித்தேன், அது பச்சைப் பசேலென்று முளைத்துவந்தது. கால் வைக்கிற மேடுகள் இரண்டும் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பிய பாறைகள் மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாத்தை உட்காரவைத்தேன். தெரியாதவர்கள் பார்த்தால் ஏரி என்றுதான் சொல்வார்கள்.

"ஞாயித்துக்கெழம எடுத்துடணும்" என்றார் அப்பா.

ஏரி இருந்தால் கரையில் ஆடு மேய வேண்டும். பீங்கான் கூடத்துக்குப் பின்னால் கழித்துக் கொட்டும் வெள்ளை மண்ணை அள்ளி வந்து ஆடுகள் பிடித்தேன். சூளையில் சுட இடமில்லை என்று அப்பா சொல்லிவிட்டதால் வெயிலில் மட்டும் காயவைத்தேன். கண்ணுக்கு இரண்டு மிளகு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் ஒரு ஆட்டைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் இரண்டு மிளகுகள் மட்டும் கிடந்தன.

அதற்கடுத்த நாள் இன்னொன்று போயிற்று. அங்கேயும் இரண்டு மிளகுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக வைத்தது போல.

நான் இயல்பிலேயே துருவுகிற ஆள். பின்னாளில் வேதியியல் வாத்தியாராக ஆனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சந்தேகம் முதலில் எதிர்வீட்டுப் பையன் மேல் விழுந்தது. நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. "ஏண்டா, ஆட்டத் திருடுறவன் கண்ணப் புடுங்கி வெச்சிட்டா போவான்?" என்றான். அதில் நியாயம் இருந்தது. அடுத்தது எலி. எலி மண்ணை விட்டுவிட்டு மிளகைத்தான் உருட்டிக்கொண்டு போகும். கோழியாக இருக்குமோ என்று குடிலின் வாசலைக் கூடையால் மூடிவைத்துவிட்டுப் போனேன். கூடை மூடியபடியே இருந்தது. ஆடு போயிருந்தது.

ஒரு மத்தியானம் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி வந்தேன். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அக்கா குடிலின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூடையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. இன்னொரு கையால் ஒரு ஆட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு நகத்தால் மிளகுகளை நெம்பி எடுத்து, ஆடு நின்ற இடத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். வாலிலிருந்து ஆரம்பித்தாள். காய்ந்த மண் அவள் பல்லில் நொறுங்கியது ஜன்னல் வரை கேட்டது.

"அக்கா!"

"கத்தாதடா" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

"மண்ணையா திங்கிற?"

"மழ பேஞ்ச வாசம் வருதுடா. சோத்தப் பாத்தா கொமட்டுது. இதப் பாத்தா எச்சி ஊறுது. நான் என்னா பண்ணட்டும்?"

"எப்பேர்ந்து?"

"அங்க இருக்கும்போது செவுத்தச் சொரண்டித் தின்னேன். இங்க வந்து உன் ஆடு. ஆனா உன் ஆடு மாதிரி வராதுடா. மாவாட்டம் கரையுது."

என் கைவேலையை முதன்முதலாகப் பாராட்டியவள் அவள்தான். எனக்குக் கோபம் பாதி போய்விட்டது.

"கண்ண மட்டும் ஏன் வுட்டு வெக்கிற?"

"ஒறைக்குதுல்ல" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாதடா. மாமியாக்காரி வரைக்கும் போயிடும். மண்ணு திங்கிறவன்னு பேரு வந்துடும்."

கை சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. அதைவிட நன்றாக நினைவிருப்பது, அந்த நேரத்தில் எனக்குள் ஓடிய கணக்கு. மறுநாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

"நான் சொல்ல மாட்டேன். தெனமும் நானே நல்ல மண்ணாக் கொண்டாந்து ஆடு புடிச்சித் தரேன். ஆனா கிறிஸ்மஸ் முடியிற வரைக்கும் பேசின எடுக்க வேணாம்னு நீ அப்பாகிட்ட சொல்லணும்."

அக்கா ஏரியைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அவள் கண் மறுபடியும் ஆடுகள் பக்கம் போயிற்று.

"ஒரு நாளைக்கு ரெண்டு" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் அவள் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "இருக்கட்டும்பா. தம்பி ஆசப்படுறான். பண்டிக முடிஞ்சி பதிச்சிக்கலாம். நான் தோப்புக்கே போயிக்கிறேன்." அப்பா உடனே தலையாட்டினார். குழிக்குப் போகவிருந்த அந்தப் பீங்கானுக்கு இன்னும் சில நாள் ஆயுள் கிடைத்ததில் அவருக்கு நிம்மதி என்றே எனக்குத் தோன்றியது.

நான் வாக்குத் தவறவில்லை. தினமும் கால்சட்டைப் பை நிறைய வெள்ளை மண்ணோடு வந்தேன். ஆடுகள் பெருகின, குறைந்தன, மறுபடியும் பெருகின. "இவன் ஆடு மட்டும் மாத்தி மாத்திக் குட்டி போடுது" என்றாள் அம்மா. அக்கா மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. அதையும் நான் பார்த்தேன். மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும், அந்தக் கசப்புப் போக ஒரு ஆட்டுக்கால்.

நர்ஸம்மா மறுபடியும் வந்தார். இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, நகங்களையும் மறுபடி திருப்பிப் பார்த்தார். "மாத்திரய முழுங்குறியா, சன்னல் வழியா எறிஞ்சிடுறியா? நெசத்தச் சொல்லு."

"முழுங்குறேங்க. மாதா சத்தியமா."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கொல்லைப் பக்கம் போய்க் குழியைப் பார்த்தார். "பேசினு எங்க?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சிமெண்ட்டு கெடைக்கலைங்க. அப்பா சொல்லி வெச்சிருக்காரு."

திரும்பிப் போகும்போது நர்ஸம்மா வாசல் அறையில் நின்று குடிலைப் பார்த்தார். குனிந்து ஒரு வாத்தைத் தொட்டார். "ஏரி ரொம்ப நல்லா இருக்குதுடா தம்பி" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். பாராட்டுக்காக வந்த வெட்கம்தான் அது, வேறு எதற்காகவும் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை சாமியார் பரிசுக்குக் குடில் பார்க்க வந்தார். கூடவே புதிதாக வந்திருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டரையும் அழைத்து வந்திருந்தார். அவர் கம்மாபுரம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்துக்காரர், குடிலை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். குழந்தை இயேசுவின் பக்கத்தில் நின்ற சூசையப்பரைக் காட்டி, "இவரு மாட்டுக்காரருங்களா?" என்றார். ஆடுகள் ஏன் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்று கேட்டார். பிறகு ஏரியின் முன்னால் குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். கேழ்வரகுப் பயிரை விரலால் விலக்கினார். விளிம்பில் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

ணங்.

"சாமி," என்றார் நிமிர்ந்து, "இது எங்க டிபார்ட்மெண்டு ஏரி."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிர்வீட்டுப் பையன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான், அவன் வீட்டுப் பேசினில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதை மறந்து. சாமியார் அங்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரு, இதயும் பொறுத்துக்குவாரு" என்றார். அப்பா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு சோப்புக் கட்டி கிடைத்தது. "கையக் கழுவிட்டு வாங்கிக்க" என்று இன்ஸ்பெக்டர் சொன்னதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். சுவரில் சாய்ந்து நின்ற அக்காவைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் உதட்டுக்கும் முகத்துக்கும் நிற வித்தியாசமே இல்லை. கடைவாயோரம் வெள்ளையாக ஒரு தீற்றல். அவர் கிட்டே போய் அதைப் பார்த்தார், கீழே நின்ற ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பாவைத் தனியே அழைத்தார். தணிந்த குரலில் சொன்னாலும் எனக்குக் கேட்டது.

"நாளைக்குப் பண்டிகன்னு பாக்காதீங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் வண்டிக்குச் சொல்றேன்."

அந்தக் கிறிஸ்துமஸை நான் எதிர்வீட்டில் கழித்தேன். கறிச்சோறு போட்டார்கள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அப்பா கொடுத்தார், அத்தானும் கொடுத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை முந்திப் பிறந்துவிட்டது. பெண். அது அழவே இல்லை.

அப்பா குழந்தையை எடுத்து வந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. குடிலைக் கலைத்தார். மணலை வாரினார். பேசினைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கழுவினார், அன்றே குழியின் மேல் பதித்தார். தட்டிப் பார்க்கவில்லை.

கல்லூரியில் வேதியியல் படித்த வருடங்களில் ஒரு நாள், சில வகைக் களிமண் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று ஆசிரியர் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அக்கா விழுங்கிய மாத்திரைகள் எங்கே போயின என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரத்தம் குறைந்தவர்களுக்கு மண் மேல் அப்படி ஒரு வெறி வரும் என்பதையும் அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். ஒரு துறை அனுப்பிய இரும்பை இன்னொரு துறை அனுப்பிய மண் வழிமறித்திருக்கிறது. துறைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவை இரண்டும் சந்தித்துக்கொள்ளும்படி மண்ணைக் கால்சட்டைப் பையில் சுமந்துகொண்டு வந்தது நான்.

சில வாரங்கள் முன்னால் பேசினைப் பதித்திருந்தால் மட்டும் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது, பூச்சி பல வருடமாக ஏறியது என்று மருத்துவம் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த உண்மையை நான் பல முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நர்ஸம்மா கேட்ட அன்று, ஒரே ஒரு வாக்கியம், "அக்கா மண்ணு திங்கிறா" என்று நான் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே அவளைக் கையோடு அழைத்துப் போயிருப்பார். நான் சிமெண்ட்டைச் சொன்னேன்.

அடுத்த வருடம் சர்க்கார் எங்கள் பகுதிக்குப் பீங்கானை நிறுத்திவிட்டு, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று சிமெண்ட் பேசின் கொடுத்தது. யார் யோசித்துச் செய்தார்களோ, செலவைக் குறைக்கத்தான் செய்தார்களோ, தெரியாது. தெருவில் ஒருவரும் தயங்கவில்லை. அதில் சோறு தின்ன யாருக்கும் தோன்றாது, ஆகவே உட்காருவதில் கூச்சமும் இல்லை. தோப்புக்குப் போகும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. ஒரு ஊரின் ரத்தம் ஊறுவதற்குப் பேசினின் நிறம்கூடக் காரணமாக முடியும் என்பதை இந்த வயதிலும் நான் ஆச்சரியத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தங்கியிருந்து, பூச்சி மருந்தும் சாப்பிட்டுத் தேறி, கருவேப்பிலங்குறிச்சிக்குக் கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உதட்டில் நிறம் வந்திருந்தது. அத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே ஓடிப்போய், அவளுக்காகச் செய்து வைத்திருந்ததைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தேன். இருந்ததிலேயே நல்ல மண்ணில், இருந்ததிலேயே கவனமாகப் பிடித்த ஒரு ஆடு. மிளகுக் கண் வைத்தது. அவள் துக்கத்துக்கு என்னிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

"தம்பிக்கு எவ்ளோ பாசம் பாரு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா பிரித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். நான் அவள் கண் மூடுவதற்காகக் காத்திருந்தேன். மூடவில்லை. மறுபடியும் மோந்து பார்த்தாள், எதையோ தேடுகிறவள் போல.

"வெறும் மண்ணு வாடதான்டா வருது" என்று சொல்லி என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

அவள் உடம்பில் ரத்தம் ஊறிவிட்டது, அதனால்தான் மண் அவளுக்கு மறுபடியும் வெறும் மண்ணாகிவிட்டது என்று எனக்கு அப்போது யார் சொல்வார்கள்? என்னால்தான் இத்தனையும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இனி என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள், ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குள் ஓடினேன். அந்தக் குளிர்ந்த மணலில் வெறுங்காலை நீட்டி உட்கார்ந்து வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன்.